கீழ்வீட்டு ஆட்டக்காரர் கேட்ட கடிதம்

டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டின் தரை மரம். மேல்வீட்டில் தும்மினால் கீழ்வீட்டுக்காரர் நூறாயுசு சொல்லலாம். அப்படிப்பட்ட வீட்டில் வாரம் இரண்டு முறை நான் கிரைண்டர் போட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்கக் கரண்டுக்கென்றே கோயமுத்தூரில் செய்தது, சூட்கேஸில் பாதி எடையை அதுவே எடுத்துக்கொண்டது. கீழே முன்பு குடியிருந்த தெலுங்குப் பையன்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவர்கள் வீட்டிலும் ஒன்று ஓடியது.

அவர்கள் காலி செய்த அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர், தூக்கக் கண்ணோடு நிற்கிறார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். என் இரண்டு கையிலும் உளுந்து மாவு.

“உங்க வீட்டுல என்ன மெஷின் ஓடுது? சாயங்காலம் எனக்கு மேட்ச் இருக்கு. இப்ப தூங்கியே ஆகணும்” என்றார். அவர் பேசியது இங்கிலீஷ். அதுவும் எங்களைப் போல இரவல் இங்கிலீஷ்தான். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

நான் சும்மா விடுகிற ஆளில்லை. “எனக்கும் சாயங்காலத்துக்குள்ள மாவு ரெடியாகணும்” என்றேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், உள்ளே வந்து அந்த மெஷினைக் காட்டச் சொன்னார். கல் உருளை சுற்றுவதையே இரண்டு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு, “நானும் இந்த வேலைதான் பார்க்கறேன். நடுவுல நின்னு சுத்திட்டே இருப்பேன்” என்று சிரித்தார். அன்றைக்கு மாவை அரையும் குறையுமாக நிறுத்தினேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் மேட்ச் அட்டவணையை எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டி, மேட்ச் இல்லாத நாளில் அரைத்தேன்.

அவர் குரோஷியாக்காரர். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று அன்று மாலை மேப்பில் தேடித்தான் கண்டுபிடித்தேன். டல்லாஸ் பக்கத்தில் ஒரு இரண்டாம் நிலை கால்பந்து கிளப்புக்கு நடுக்கள ஆட்டக்காரராக வந்திருந்தார். மனைவியும் ஐந்து வயது மகளும் ஊரில் இருந்தார்கள். ஒரு வருட ஒப்பந்தம். பிடித்திருந்தால் கிளப் இன்னொரு வருடம் நீட்டும், பிடிக்காவிட்டால் வீசாவும் அதோடு முடிந்தது. எங்கள் எச்1பி வீசா மாதிரியே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வேலை கொடுப்பவன் கையில் மூக்கணாங்கயிறு.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவர் கேட்டபோது ‘அக்கா’ என்று சொல்லிக்கொடுத்தேன். நான் அவரைவிட ஐந்து வயது மூத்தவள். இர்விங்கில் என்னை எல்லோரும் ஆன்ட்டி ஆக்கிவிட்டிருந்தார்கள், ஒருவராவது அக்கா என்று கூப்பிடட்டுமே என்ற நப்பாசை. கிரைண்டர் சண்டைக்குப் பரிகாரமாக ஒரு டப்பாவில் அரிசிம்பருப்பு சாதம் கொடுத்தேன். ஈரோட்டுப் பக்கத்தில் ஒன்றும் செய்யத் தோன்றாத அன்றைக்குச் செய்கிற சாப்பாடு அது. அவருக்கு அது அமிர்தமாக இருந்திருக்கிறது. மறுநாள் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தார்.

“எங்க ஊர்ல டப்பாவை வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டோம்” என்றேன், விளையாட்டாக. முகம் சிவந்துவிட்டது மனுஷனுக்கு. படியிறங்கிப் போய் நாலு ஆப்பிளைப் போட்டு எடுத்து வந்தார். அதிலிருந்து அந்த டப்பா ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. பிஸ்கட், பாதாம், அவர் அம்மா அனுப்பிய அத்திப்பழ ஜாம், ஏதாவது ஒன்று இருக்கும். கொள்ளுப் பருப்பு கொடுத்த அன்றைக்கு, இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிற பழமொழியை விளக்கினேன். தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஒரே ஒருமுறை அவர் ஆட்டத்தைப் பார்க்கப் போனோம். எனக்குக் கால்பந்து தெரியாது. பந்து எங்கே போகிறதோ அங்கே பார்த்தேன், அங்கே அவர் இல்லை. முதல் பாதி முழுக்க அவர் என்னதான் செய்கிறார் என்றே புரியவில்லை. யாருமில்லாத இடத்துக்கு ஓடுகிறார், நிற்கிறார், கையை நீட்டி யாரையோ நகரச் சொல்கிறார், திரும்ப ஓடுகிறார். பந்து வந்தால் ஒரு தட்டில் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார். கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இவர் அதற்குள் திரும்பி நடுவட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் கேட்டேன். “நான் போய் நிக்கலைன்னா எதிராளி அந்த வழியா வருவான். நான் நின்னதால அவன் வரலை. வராத ஆளை யாரு பார்ப்பாங்க?” என்றார். எனக்கு உடனே புரிந்தது. விருந்தில் பரிமாறுகிறவனுக்குத்தான் பேர், அடுப்படியில் நிற்கிறவளை யார் கேட்கிறார்கள்?

துண்டு துண்டாகத்தான் அவர் கதை எனக்குக் கிடைத்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் ஊரில் சண்டை வந்தது. வீட்டை விட்டு ஓடி, கடற்கரையில் ஒரு சுற்றுலா ஹோட்டலில் அகதிகளாக நாலைந்து வருடம் இருந்திருக்கிறார்கள். அந்த ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில்தான் பந்து உதைக்கப் பழகினார். பத்தொன்பது வயதில் அவர்கள் நாட்டு முதல் டிவிஷன் கிளப்பில் இடம் பிடித்தார். ஒரே ஒருமுறை நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். முதுகில் தன் பெயர் போட்ட சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டார், ஆட்டம் முடிந்துவிட்டது. அந்தச் சட்டை அவர் அம்மா வீட்டில் இருக்கிறது, அதில் ஒரு துளி வியர்வைகூடப் படவில்லை என்றார். பிறகு பெல்ஜியத்தில் இரண்டு வருடம். சைப்ரஸில் ஒரு கிளப், அதையே இழுத்து மூடிவிட்டார்கள். கசகஸ்தானில் செயற்கைப் புல் தரை, மூட்டு அங்கேதான் போனது. கடைசியில் டெக்சாஸ். இன்னும் ஒரு வருடம் இங்கே ஆடிவிட்டால் அதே கிளப்பில் பயிற்சியாளர் வேலை தருவதாகப் பேச்சு. மனைவியும் மகளும் வந்துவிடலாம். அந்த ஒரு வருடத்தைத்தான் அவர் கேட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் மருந்துப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே எந்தத் தமிழ் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, தைலம், பாதி தீர்ந்த ஆன்டிபயாட்டிக் பட்டை, இருமலுக்கு ஒன்று, எதற்கென்றே மறந்துபோன ஒன்று. இங்கே டாக்டரைப் பார்க்கப் போய் வருவதற்குள் வியாதியே அலுத்துப்போய் ஓடிவிடும். அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் பையை நிரப்பிக்கொண்டு வருவோம், ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். எங்கள் காம்ப்ளெக்ஸில் என் பை பெரியது. யாருக்குத் தலைவலி என்றாலும் வாட்ஸப் குரூப்பில் முதல் பதில் என்னுடையதுதான். எனக்கு அதில் பெருமை இருந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்தப் பையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் புட்டி இருந்தது. ஊர்ப்பக்கம் ஒரு வைத்தியர் கொடுத்தது. திங்களும் வியாழனும்தான் பார்ப்பார், வேன் கட்டிக்கொண்டு ஜனம் வரும். மிளகு அளவில் கருப்பு உருண்டைகள். லேபிள் கிடையாது, ‘காலை 2, இரவு 2’ என்று பேனாவில் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் மட்டும். படி ஏற முடியாமல் இருந்த என் மாமியார் அதைச் சாப்பிட்டுக் கோயில் பிரகாரம் சுற்றினார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது பத்து நாள் சாப்பிட்டேன். மூன்றாம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. மூன்றே நாளில் போகிற வலி எப்படிப் போகிறது என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சீசன் முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருந்தபோது அவர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. கிளப் டாக்டர் மூன்று வாரம் ஓய்வு என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் உட்கார்ந்தால் ஒப்பந்தத்தை நீட்ட மாட்டார்கள். அந்த இடத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் காத்திருக்கிறான் என்றார். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார், ஆனால் உதடு மட்டும்தான் சிரித்தது.

நான் உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்தேன்.

அவர் கேட்டார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கேட்கவில்லை என்று பிறகு எழுதினார்கள். “அக்கா, இதுல என்ன இருக்கு? நாங்க எதைச் சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும். லேபிள் இருக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து பேருக்கு முன்னால் என் சமையலை முகர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. “எல்லாம் வேர், தழைதான். ஹெர்பல். உங்க டாக்டருக்கு எங்க ஊர் மருந்தைப் பத்தி என்ன தெரியும்? காட்டினா வேண்டாம்னுதான் சொல்வார்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா சாப்பிடறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை” என்றும் சொன்னேன். மூன்று தலைமுறையாவது! மாமியார் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பொய்யை எதற்குச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். என் கைமருந்தை ஒருவர் சந்தேகப்பட்டது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அவ்வளவு சின்ன காரணம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். ஒரு சின்ன டப்பாவில் நூற்றிருபது உருண்டை எண்ணிப் போட்டு, அந்தத் துண்டுக் காகிதத்தையும் வைத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார் நிறுத்துமிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினார். நான் உடனே குரூப்பில் எழுதினேன், ‘அமெரிக்கா டாக்டர் கைவிட்ட கேஸ், நம்ம வைத்தியர் மூணு நாள்ல எழுப்பிட்டார்’ என்று. இருபத்தேழு பேர் கைதட்டினார்கள். அவர் நாலு ஆட்டம் ஆடினார். நாலாவது ஆட்டம் முடிந்த வாரம் ஒப்பந்தத்தை நீட்டப் போவதாக கிளப்பில் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டார்கள். மனைவியும் மகளும் வருவதற்கு ஊரில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சொல்லி, டப்பா நிறைய அத்திப்பழம் கொண்டுவந்தார். அந்த அத்திப்பழத்தை நான் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். கையில் டப்பா இல்லை, மடித்த காகிதம் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நாலாவது ஆட்டம் முடிந்ததும் அவரிடம் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் எடுத்திருக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. காகிதத்தில் இருந்த பெயரைப் படித்தேன். என் அப்பாவுக்கு மூச்சிழுப்பு வரும்போது ஊர் டாக்டர் எழுதிக் கொடுக்கிற அதே மாத்திரையின் பெயர். வேராவது, தழையாவது! வைத்தியர் அதை இடித்து உருண்டையில் சேர்த்திருக்கிறார். மூன்றே நாளில் வலி போன ரகசியம் அதுதான்.

“அக்கா, நான் வேற எதுவும் சாப்பிடலை. அந்த மாத்திரைதான்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் மிக மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று விளக்கினார். அப்படியே விட்டால் இரண்டு வருடத் தடை. ஆடக் கூடாது, பயிற்சி கொடுக்கவும் கூடாது, எந்தக் கிளப்பின் வாசலையும் மிதிக்கக் கூடாது. முப்பத்துநாலு வயதில் இரண்டு வருடம் என்றால் ஆயுள் தண்டனை. ஆனால் அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று நிரூபித்தால், தெரியாமல் நடந்தது என்று ஏற்றுக்கொண்டு சில மாதங்களாகக் குறைக்க வழி இருக்கிறது. அதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, மாத்திரை, அது அவரிடம் மிச்சம் இருக்கிறது. இன்னொன்று, கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். இன்னார் கொடுத்தேன், இங்கிருந்து வாங்கினேன், மூலிகை என்றுதான் சொன்னேன் என்று. “ஒரே ஒரு பக்கம், அக்கா.”

“கண்டிப்பா எழுதித் தர்றேன்” என்றேன். அந்த நிமிடத்தில் அது பொய் இல்லை.

முதலில் ஊருக்கு போன் செய்தேன். மாமியார் வைத்தியரைக் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டார். “வைத்தியரு கோவிச்சுக்கிட்டாரு கண்ணு. வேரு, தழை, தேனு இதுதான் இருக்குதுங்கறாரு. நம்பிக்கை இல்லாதவங்க எதுக்குத் திங்கறாங்கன்னு கேக்கறாரு. எனக்கு இன்னும் ரெண்டு புட்டி குடுத்திருக்கறாரு.” நான் எவ்வளவோ சொன்னேன். நடக்க முடிகிறவரைக்கும் நான் சாப்பிடுவேன் என்று வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் எதையும் நிதானமாகக் கேட்கிறவர். அன்றைக்கும் நிதானமாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “கையெழுத்தெல்லாம் போட வேண்டாம்” என்றார்.

“அவரு பொழப்பே போயிருமுங்க.”

“நம்ம பொழப்பு? கிரீன் கார்டுக்குப் பன்னெண்டு வருஷம் லைன்ல நின்னு இப்பத்தான் டேட் வந்திருக்குது. எந்நேரமும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. இந்த நேரத்துல போயி, நான் இந்தியாவுல இருந்து பேரே இல்லாத மருந்தைக் கொண்டாந்து அடுத்தவங்களுக்குக் குடுத்தேன்னு எழுதிக் குடுக்கோணுமா? லைசென்ஸ் இல்லாம மருந்து குடுக்கறது குத்தம். நாளைக்கு ஃபைல்ல அது வந்து நிக்கும்.”

“வக்கீலக் கேட்டுப் பாக்கலாமுங்களே?”

“கேட்டா அதுவும் ரெக்கார்டு.”

நான் எதிர்த்து நிற்கவில்லை. இதை அவர் தலையில் கட்டிவிட எனக்கு ஆசைதான், பல வருடம் அப்படித்தான் கட்டி வைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்னபோது என் நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டார். பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு மாதமும் அந்த வரிசை எத்தனை நாள் நகர்ந்தது என்று பார்த்துப் பார்த்து எங்களுக்குள் ஏதோ ஒன்று சுருங்கிப் போயிருந்தது. யாரையும் கேட்கவில்லை நாங்கள். கேட்டால் பதில் தெரிந்துவிடும். எங்களுக்குத் தேவையாக இருந்தது பயம்தான், பதில் இல்லை. அன்றைக்கே என் வீட்டுக்காரர் பெரிய புட்டியில் மீதி இருந்ததைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டார். குரூப்பில் நான் பெருமையடித்திருந்த செய்தியை அழித்தேன்.

அப்புறம் இரண்டு வாரம் நான் செய்தது அசிங்கம். கீழ்வீட்டுக்காரர் கார் வரும் சத்தம் கேட்டால் கதவைத் திறக்க மாட்டேன். குப்பை போடப் போக வேண்டுமென்றால் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். கிரைண்டர் போடவில்லை, போட்டால் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்துவிடுமே. மூன்று முறை கதவைத் தட்டினார். மூன்று முறையும் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்தரை. நான் நிற்பது கீழே இருந்து வருகிறவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். தட்டிவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, ஒவ்வொரு படியாக இறங்குவார். மாத்திரையை நிறுத்தியதும் முழங்கால் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

கடைசியில் துணி துவைக்கும் அறையில் மாட்டிக்கொண்டேன். நான் துணியைப் போட்டுவிட்டுத் திரும்ப, வாசலில் அவர். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கிரீன் கார்டு, இன்டர்வியூ, லைசென்ஸ், என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வருடம். பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அழுதேன் வேறு. பொழைப்பு போகிறவர் அவர், அழுகிறவள் நான்.

நான் முடிக்கும்வரை அவர் வாசலிலேயே நின்றார். முடித்ததும், “பேப்பர்னா என்னன்னு எனக்குத் தெரியும். அந்த ஹோட்டல்ல எங்கம்மா தினமும் காலையில அகதிப் பேப்பருக்காகத்தான் லைன்ல நிப்பாங்க” என்றார். பிறகு, “ஓகே, அக்கா” என்றார். அவ்வளவுதான். என் துணிக்கூடையை மெஷின் மேலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஓகே என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. என் பெயரைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்த மாதம் முழுக்கத் தபால்காரர் வந்து போன கையோடு பெட்டியைத் திறந்துவிடுவேன். விசாரணைக்கு ஏதாவது ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்குமோ என்று ஒவ்வொரு உறையாகப் புரட்டுவேன். அவரை நினைத்து வருந்திய நேரத்தைவிட இதற்குப் பயந்த நேரம்தான் அதிகம்.

கிளப் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கீழே பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்குப் போகவில்லை. கார் போன பிறகு கதவைத் திறந்தேன். வாசல் மிதியடி மேல் என் டப்பா இருந்தது, கடைசியாகக் கொள்ளுப் பருப்பு கொடுத்த டப்பா. பளிச்சென்று கழுவித் துடைத்திருந்தது. எடுத்தால் உள்ளே ஏதோ உருண்டது.

பதினொரு கருப்பு மாத்திரை. கூடவே ‘காலை 2, இரவு 2’ என்ற காகிதம். டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னதை வைத்துக் குத்திக் காட்டிவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது எனக்கு. என்ன நெஞ்சழுத்தம், போகும்போது இப்படியா செய்வது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

நாலு மாதத்தில் எங்கள் கிரீன் கார்டு வந்தது. இன்டர்வியூ பத்து நிமிடம். கல்யாண போட்டோ கேட்டார்கள், முகவரி கேட்டார்கள், வாழ்த்துச் சொன்னார்கள். அடுத்த வருடம் பிளானோவில் வீடு வாங்கினோம். அங்கே தரை சிமெண்ட், கீழ்வீடு என்று ஒன்று கிடையாது. எந்நேரமும் கிரைண்டர் போடலாம்.

அங்கே ஒரு நவராத்திரி கொலுவில், இமிக்ரேஷன் வக்கீலாக இருக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. ஒரு ஃப்ரெண்டுக்கு இப்படி நடந்தது என்று சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். “அட, இதுக்கா பயந்தாங்க? ஒரு லெட்டர்ல உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டா யாரு ஃபைலைத் தொடப் போறா? யாரையாவது ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே ஆன்ட்டி உங்க ஃப்ரெண்டு!” நானும் சேர்ந்து சிரித்தேன். கையில் இருந்த சுண்டலைக் கீழே வைத்தேன்.

வீட்டுக்கு வந்து முதல்முறையாக அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். அதுவரை தேடத் துணிவு இல்லை. ஊக்கமருந்து வழக்குகளின் தீர்ப்புகளை இணையத்தில் போட்டுவைக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அவருடையது ஆறு பக்கம். மூலிகை என்று நம்பி ஒருவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டதாக ஆட்டக்காரர் சொல்கிறார். யார் கொடுத்தது என்று மூன்று முறை கேட்டோம், சொல்ல மறுத்தார். மிச்சம் இருந்த மாத்திரையைச் சோதனைக்குக் கேட்டோம், தன்னிடம் இல்லை என்றார். மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டறிய அவர் முயன்றதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே குறைப்பு கிடையாது, இரண்டு வருடம். கடைசிப் பக்கத்தில், கொடுத்தவரைப் பற்றி அவர் சொன்ன ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். எனக்கு நல்லது செய்ய நினைத்த ஒரு அக்கா என்று சொல்லியிருக்கிறார். ‘அக்கா’ என்ற சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே போட்டு, அது ஒரு நபரின் பெயரா என்று தெரியவில்லை என்று பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பதினொரு மாத்திரையும் எனக்கு விளங்கியது. குத்திக் காட்டுவதற்காக வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் கைக்குப் போனால் அது என் வாசலுக்கு வழி காட்டிவிடும் என்றும், தன்னிடம் இல்லை என்று சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்றும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் இப்போது ஊரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார் என்று எங்கோ ஒரு வரி இருந்தது. அது உண்மையா, மகளுக்கு இப்போது என்ன வயது, முழங்கால் எப்படி இருக்கிறது, ஒன்றும் தெரியாது. எழுதிக் கேட்க எனக்கு முகம் இல்லை. மருந்துப் பையை நான் இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. குரூப்பில் யாராவது தலைவலி என்றால் டாக்டரைப் பாருங்கள் என்று எழுதுகிறேன். ஆன்ட்டி மாறிவிட்டார் என்கிறார்கள்.

அவர் கேட்டது ஒரு பக்கம். இன்னார் கொடுத்தேன், இங்கிருந்து வாங்கினேன், மூலிகை என்று சொன்னேன், அவர் லேபிள் கேட்டார், நான் பொய் சொன்னேன். எல்லாவற்றையும் இப்போது எழுதிவிட்டேன், ஒரு பக்கத்துக்கும் மேலேயே. ஆனால் முதலிலிருந்து படித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். இதிலும் நான் என் பெயரைப் போடவில்லை.